ஓல்டான்... ரைட்! ராமநாதபுரம் கரையோரம் ஐந்து நாள்

முதல் நாள்: மதுரை – மண்டபம்

கோடை விடுமுறை. அக்கா மகள் மூன்று வருடம் கழித்து இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறாள். "சித்தி, ராமேஸ்வரம் போவோம். கோயிலோட திரும்பிராம அந்தக் கரை முழுக்கப் பார்க்கணும்" என்றாள். சரி என்று கிளம்பிவிட்டோம். அன்றன்றைக்குக் கண்டதையும் கேட்டதையும் அன்றைய ராத்திரியே எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஏழு மணிக்கு ராமேஸ்வரம் பஸ். கண்டக்டர் எங்கள் இருக்கைக்கு நேர் பின்னால் நின்றார். மானாமதுரை, பரமக்குடி என்று வழிநெடுக அவர் "ஓல்டான்" என்றால் பஸ் நின்றது, "ரைட்" என்றால் கிளம்பியது. சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்தான். இன்றைக்குத்தான் இரண்டையும் ஆங்கிலச் சொற்களாகக் காதில் வாங்கினேன். ஓர் ஆங்கிலேயருக்கு 'ஹோல்ட் ஆன்' என்றால் 'கொஞ்சம் பொறு', இல்லாவிட்டால் 'கெட்டியாகப் பிடித்துக்கொள்'. 'ரைட்' என்றால் வலது பக்கம், அல்லது சரி. நம் பஸ்ஸில் அந்த இரண்டும் பிரேக்கும் கியருமாக ஆகிவிட்டன.

இதைச் சொன்னதும் அவள் தன் கதையைச் சொன்னாள். அங்கே போன முதல் மாதம், வகுப்பில் கையைத் தூக்கி "ஐ ஹேவ் எ டவுட்" என்றிருக்கிறாள். பேராசிரியரின் முகம் மாறிவிட்டது. எந்த இடத்தில் நம்பிக்கை வரவில்லை என்று கேட்டுவிட்டு, தான் சொன்னதற்கு ஆதாரங்களை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டார். போர்டில் எழுதியிருந்ததில் இரண்டாவது வரி புரியவில்லை, இவள் கேட்க வந்தது அவ்வளவுதான்.

"அன்னைக்கு ராத்திரி அழுதேன் சித்தி. இத்தனை வருஷம் படிச்ச இங்கிலீஷ் பொய்யான்னு தோணிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். 'ஐ ஹேவ் எ டவுட்' என்ற வரியை எத்தனை நோட்டில் சிவப்பு மையால் அடித்திருப்பேன்! ஏன் தப்பு என்று ஒரு பிள்ளைக்கும் விளக்கியதில்லை. பரமக்குடி தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். தமிழில் சந்தேகம் 'கேட்பது' வேறு, சந்தேகப் 'படுவது' வேறு. முதலாவது வாத்தியாருக்குச் சந்தோஷம் தருவது, இரண்டாவது மனிதர்களைப் பிரிப்பது. சொல் ஒன்றுதான், கூட வரும் வினை பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கில டவுட்டுக்குப் பெரும்பாலும் அந்த இரண்டாவது பொருள்தான். முதலாவதை நாம் கொடுத்தோம், நம் வகுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அது இங்கே பொய் இல்லை. இங்கிலாந்துக்கு விமானம் ஏறும் பிள்ளையிடம் 'அங்கே இதைக் கொஸ்டின் என்று சொல்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் செய்யாமல் விட்டேன்.

ராமநாதபுரத்தில் இறங்கி ஹோட்டலில் சாப்பிட்டோம். சாப்பிடுகிற இடத்தையே ஹோட்டல் என்று சொல்லிவிட்டதால், படுக்கிற இடத்துக்கு நமக்கு லாட்ஜ் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் லாட்ஜ் என்றால் பெரிய தோட்டத்து வாசலில் காவல்காரர் குடியிருக்கும் சிறிய வீடு. மட்டன் என்றால் அங்கே முற்றிய செம்மறி, இங்கே வெள்ளாடும் சேர்த்தி. மீல்ஸ் என்ற பன்மைக்கு இங்கே ஓர் இலை, சோறு, சாம்பார், ரசம், மோர், அப்பளம் என்று வரிசையே இருக்கிறது. டிஃபன் கதை இன்னும் சுவையானது. ஒரு மடக்கு குடிப்பதற்கு ஆங்கிலேயர்கள் பேச்சுவழக்கில் வைத்திருந்த 'டிஃபிங்' என்ற சொல்லிலிருந்து கிளைத்தது என்பார்கள். இந்தியா வந்த வெள்ளைக்காரர்களிடம் மதியச் சிற்றுணவானது. நம்மிடம் இட்லி தோசையானது. மும்பையில் அலுவலகத்துக்குப் போகும் தூக்குப் பாத்திரமே டிஃபன். பிறந்த ஊரில் இன்று அந்தச் சொல்லை இந்தப் பொருள்களில் பேச ஆள் அரிது.

சாயங்காலம் மண்டபம் வந்து சேர்ந்தோம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்று பலம். மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள்: மண்டபம் கேம்ப்

இந்த ஊரின் ரயில் நிலையப் பலகையே ஆங்கிலச் சொல்லைச் சுமந்து நிற்கிறது: மண்டபம் கேம்ப்.

கேம்ப் என்றால் ஆங்கிலத்தில் கூடாரம், அல்லது தற்காலிகமாகத் தங்குமிடம். நம் அலுவலகங்களில் "ஆபீசர் கேம்ப்ல இருக்காரு" என்றால் அவர் வெளியூர்ப் பயணத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். கண் பரிசோதனை கேம்ப், ரத்ததான கேம்ப் என்று ஒரு நாள் கூத்தாகவும் அது நடக்கும். இங்கேயோ அது நூறு வருடத்துக்கு மேல் நிலைத்துவிட்ட இடம். சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை இங்கேதான் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, அப்புறம் கப்பலேற்றினார்கள். அதற்கு வைத்த பெயர் குவாரண்டைன். இத்தாலியர்கள் நோய் பயத்தில் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தியதிலிருந்து வந்த சொல் அது, நாற்பது என்பதுதான் அதன் வேர். நாமெல்லாம் 2020-ல் கற்றுக்கொண்ட சொல்லை இந்த மண் எப்போதோ கேட்டுவிட்டது. பிறகு 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருந்தது, 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இதே இடம் முகாமானது. 2021-ல் தமிழ்நாட்டு அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. ஊர்க்காரர்களுக்கு அன்றும் இன்றும் அது 'கேம்ப்'தான்.

நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இலங்கையில் பதுளைப் பக்கத்தில் பிறந்தவர், எழுபதுகளில் தாயகம் திரும்பியவர். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி இந்தக் கேம்புக்கு வந்தாராம்.

"எங்க இருந்தீங்கய்யா அங்கே?" என்று கேட்டேன்.

"லயத்துல."

அக்கா மகளுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "பாட்டுல வர்ற லயம் இல்லம்மா. வரிசையா ஒட்டி ஒட்டி வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. முன்னால ஒரு சின்ன வராந்தா. வெள்ளைக்காரன் லைனுன்னான், நாங்க லயம்னோம்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. விடியற்காலை எல்லாரும் கூடி வேலைக்குப் பெயர் கொடுப்பது பெரட்டு. அது 'பரேட்'. அதற்கான இடம் பெரட்டுக்களம். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு காசு என்று பேசி எடுப்பது கொந்தரப்பு. அது 'கான்ட்ராக்ட்'. இவர் அவற்றைச் சொல்லும்போது ஆங்கிலச் சொற்களாகவே தோன்றவில்லை. கொந்தரப்பு என்ற சொல்லில் முதுகு வளைந்த ஓர் ஆளைப் பார்க்க முடிகிறது. கான்ட்ராக்டில் ஒரு காகிதம்தான் தெரிகிறது.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கப்பா கூலி வாங்கத்தான் போனாரு. அங்க போனா அவரையே கூலின்னு கூப்பிட்டாங்க."

டீ ஆறிப்போனது. கூலி நமக்குச் செய்த வேலைக்கு வரவேண்டிய காசு, உரிமை. 'கூலி கொடு' என்று கேட்பதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. ஆங்கில அகராதிகள் அந்தச் சொல்லுக்குத் தமிழ்க் கூலியையும் குஜராத்தின் கோலி மக்களையும் மூலமாகச் சொல்கின்றன. வேர் எதுவானாலும், கப்பலில் போனபோது காசு மறைந்துவிட்டது, ஆள்மட்டும் மிஞ்சினான். தென்னாப்பிரிக்காவில் இன்றைக்கு அது இந்திய வம்சாவளியினர் மேல் வீசப்படும் வசவு. அக்கா மகளின் விடுதித் தோழி ஒருத்தி டர்பன் நகரத்துத் தமிழ் வம்சாவளி. மதுரை ஸ்டேஷனைப் பற்றி இவள் பேச்சுவாக்கில் "கூலி கிடைப்பார், பெட்டியைத் தூக்கிக் கொடுத்துடுவார்" என்று ஆங்கிலத்தில் சொல்ல, அந்தப் பெண் எழுந்து போய்விட்டாளாம். இரண்டு நாள் பேசவில்லை. அவளுடைய பாட்டி வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாதாம்.

2016 ரயில்வே பட்ஜெட்டில் போர்ட்டர்களைக் கூலி என்று சொல்லாமல் 'சகாயக்', அதாவது உதவியாளர், என்று சொல்லவேண்டும் என்று அறிவித்தார்கள். அப்போது எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. இன்று அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது அப்படித் தெரியவில்லை. நம் ஊருக்குள் நம் சொல்லுக்கு நம் பொருள் இருக்கட்டும். ஆனால் கப்பலேறிய சொல் எங்கே யாரைக் காயப்படுத்தியது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் காயப்பட்டவர்கள் நம் ஆட்கள்தான்.

மூன்றாம் நாள்: பாம்பன், ராமேஸ்வரம்

மீன்பிடித் தடைக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கரையில் இழுத்து வைத்துப் பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். நாட்டுப்படகுகள் மட்டும் போய் வருகின்றன.

படகுக்கு அடியில் உட்கார்ந்து பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தோம். உளியைப் போலத் தட்டையான ஒரு இரும்பு, அதன் தலையில் மரச் சுத்தியல். எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரி ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் அளவு உள்ளே போகிறது. தட்டுகிற ஓசை மாறினால் இடுக்கு நிரம்பிவிட்டது என்று அர்த்தமாம். கைவேலையை நிறுத்தாமலே பேசினார்.

"தடை முடிஞ்சதும் டோக்கன் வாங்கணும் டீச்சர். டோக்கன் இல்லாமப் போனா பிரச்சினை."

டோக்கன் என்றால் ஆங்கிலத்தில் ஓர் அடையாளம், பல நேரம் பேருக்குச் செய்வது. 'டோக்கன் ஆஃப் லவ்' என்று பாடத்தில் வரும். இந்தத் துறைமுகத்தில் அது மீன்துறை கொடுக்கும் கடல் அனுமதிச் சீட்டு. படகில் யார் போனார்கள், என்றைக்குப் போனார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுத்தான் கணக்கு. எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்கு அது பேருக்குச் செய்வதா என்ன!

கரையில் ஒருவர் தெர்மாகோல் மிதவையைத் தூக்கி வந்தார். அடுக்கி, கட்டி, சாக்கால் சுற்றி, ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் அளவு. தெர்மாகோலும் ஒரு வணிகப் பெயராகப் பிறந்ததுதான். நம் ஊரில் பொருளுக்கே பெயரானது. லண்டனில் கடைக்காரரிடம் அதைக் கேட்டு இவள் அரைமணி நேரம் கையால் படம் வரைந்து காட்டினாளாம். அங்கே பாலிஸ்டைரீன், அமெரிக்காவில் ஸ்டைரோஃபோம்.

அந்த மிதவையைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: "சித்தி, இதுதானே உண்மையான கேட்டமரான்?"

கட்டுமரம் பற்றி எழுதாமல் இந்தக் கரையை விட்டுப் போகமுடியாது. கட்டிய மரம், அவ்வளவுதான் பெயர். உள் என்று ஒன்று இல்லாத கலம். தண்ணீர் இடுக்கு வழியாக ஏறும், வடியும். அதனால் முழுகாது. 1697-ல் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையில் மரங்களைக் கட்டி மிதப்பவற்றின் பெயர் என்று இதை எழுதினார். ஏறக்குறைய சரியாகவே எழுதினார். அப்புறம் சொல் அலைய ஆரம்பித்தது. 1804-ல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தில் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்குக் கேட்டமரான் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுமரத்தில் மீன் கொண்டுவரும் ஆணுக்காகக் கரையில் காத்திருந்து, கூடை சுமந்து தெருத்தெருவாக விற்ற பெண்களை நினைத்துக்கொண்டேன். 1876-ல் அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியல் ஹெரஷாஃப் இரண்டு உடல்களைப் பாலம்போல் இணைத்த ஒரு பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் மற்றதையெல்லாம் முந்தினார். இன்று உலகம் முழுக்கக் கேட்டமரான் என்றால் அந்த இரட்டை உடல் படகு. அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் நம்முடையது. வடிவத்தைக் கொடுத்தவர்களுக்குப் பெயரில் இடமில்லை, பெயரைக் கொடுத்தவர்களுக்கு வடிவத்தில் இடமில்லை.

அண்ணனிடம் அவள் போனில் ஒரு சொகுசுக் கேட்டமரானின் படத்தைக் காட்டி, இதன் பெயர் கட்டுமரம் என்றாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்கயும் கட்டே இல்லையேம்மா" என்றார்.

சாயங்காலம் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்றோம். கீழே 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். பழையதில் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து உயர்ந்துவந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். ஒரு ரயில் மெதுவாகக் கடந்தது. பக்கத்தில் நின்ற குடும்பத்தில் ஒரு தாத்தா பேரனிடம் "போட் மெயில்டா" என்றார்.

சென்னைக்குப் போகும் ரயிலைத்தான் இன்னும் அப்படிச் சொல்கிறார்கள். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போன காலத்துப் பெயர். ஆங்கிலேயருக்கு மெயில் என்றால் தபால். நமக்கு அந்தத் தபாலைச் சுமந்த ரயிலே மெயிலாகிவிட்டது, வேகமான ரயில் என்று பொருளும் ஆகிவிட்டது. இப்போது அதில் போட்டும் இல்லை. தாத்தா சொன்ன விதத்தில் கப்பல் இன்னும் அக்கரைக்குப் புறப்படுவதுபோல் இருந்தது.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ். கட்டிடத்தின் பெயரில் மேன்ஷன் என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் மேன்ஷன் என்றால் மாளிகை. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் வேலை தேடி வந்த பையன்கள் அறைக்கு மூன்று பேராகத் தங்கும் இடம். ஜப்பானில் சாதாரண அடுக்குமாடி வீடு மான்ஷோன். தூக்கம் வருகிறது.

நான்காம் நாள்: தனுஷ்கோடி

விடியற்காலை அரிச்சல்முனை வரை போய்விட்டுத் திரும்பும் வழியில் பழைய ஊரில் இறங்கினோம். தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திரும்பி வரவேண்டியவர்களின் வழி அந்த ஒரே இரவில் அறுந்தது. அதனால்தான் மண்டபத்துப் பெரியவர் ராமேஸ்வரத்தில் இறங்கினார்.

"இதுதான் ஸ்டேஷனா?" என்றாள் அக்கா மகள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் மணலில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டேஷனின் லத்தீன் வேருக்கு நிற்பது என்று பொருள். நாம் நிலையம் என்று மொழிபெயர்த்தபோதும் 'நில்' என்ற வேரைத்தான் எடுத்தோம். இங்கிலாந்தில் ஸ்டேஷன் என்றால் முதலில் மனதில் வருவது ரயில். நம் தெருவில் "ஸ்டேஷன் வரைக்கும் போகணும்" என்றால் வீட்டில் எல்லாரும் பதறுவார்கள், அது போலீஸ். ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கில் ஆடுமாடு மேயும் பரந்த பண்ணைக்கு ஸ்டேஷன் என்று பெயர். கம்பெனி ஆட்சியில் அதிகாரிகள் குடியமர்ந்து வேலை பார்த்த ஊர் ஸ்டேஷன். ஊட்டியும் கொடைக்கானலும் அந்த வழியில்தான் ஹில் ஸ்டேஷன்கள், அங்கே ரயில் நின்றாலும் நிற்காவிட்டாலும்.

விடுப்புக் கடிதத்தில் பிள்ளைகள் எழுதும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' அந்த அதிகாரிகள் விட்டுப்போனது. லண்டனில் இன்று யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'அவுட்ஸ்டேஷன்' இன்னும் உயிரோடு இருக்கிறது. இதையும் நான் அடித்திருக்கிறேன். இனி அடிக்கப்போவதில்லை. பக்கத்திலேயே எழுதிக் காட்டுவேன்: இந்தியாவில் இப்படி, மலேசியாவில் இப்படி, இங்கிலாந்தில் வேறு மாதிரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நிச்சயம் புரியும். ஒரே சொல்லுக்கு மூன்று ஊரில் மூன்று பொருள் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா? கோயம்புத்தூரில் ஒன்றைச் சொன்னால் நாகர்கோவிலில் வேறாகக் கேட்கும் மொழியில் வளர்ந்தவர்கள் நாம்.

ரோட்டோரக் குடிலில் ஓர் அக்கா மீன் பொரித்துக் கொடுத்தார். அவருக்கு மன்னாரில் உறவு. அங்கே பஸ் நிற்குமிடத்தை 'பஸ் ஹோல்ட்' என்பார்களாம். ஆங்கில 'ஹால்ட்'டிலிருந்து வந்தது அது. நம் கண்டக்டரின் ஓல்டானுக்கு வேர் வேறு, ஆனாலும் இரண்டு கரையிலும் பஸ் ஏறக்குறைய ஒரே ஓசைக்கு நிற்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் பூட்டிக் என்றால் பருப்பும் சோப்பும் விற்கும் பெட்டிக்கடை, போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். பழைய மதராஸ் மாகாணத்திலும் அதே பொருளில் இருந்திருக்கிறது. இன்றைக்கு மதுரையில் பூட்டிக் என்று பலகை தொங்கினால் உள்ளே ஒரு ரவிக்கை தைக்க ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

அக்கரைக்கு இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். வெயில் ஏறிவிட்டது, கிளம்பினோம்.

ஐந்தாம் நாள்: கீழக்கரை

கல்லூரித் தோழியின் வீடு. ராமநாதபுரம் வந்து அங்கிருந்து தெற்கே. அவளுடைய அண்ணன் வண்டியோடு வந்து பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டார். இந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

தெருக்கள் குறுகல். எதிரே ஒரு லோடு வேன் வந்துவிட்டது. காக்கா வண்டியைப் பின்னால் எடுக்க, திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து கையை அசைத்து வழி சொன்னார்: "கோஸ்டான்... கோஸ்டான்... இன்னும் கோஸ்டான்... ஸ்டாப்!"

அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காக்கா சிரித்தபடி சொன்னார்: "அவரு பினாங்குல முப்பது வருஷம் இருந்தவரு. ரிவர்ஸ்னு சொல்லமாட்டாரு." மலேசியாவில் எல்லா இனத்தவரும் பின்னால் எடுப்பதைக் கோஸ்டான் என்றுதான் சொல்கிறார்கள். கப்பல் தளத்தில் மாலுமிகள் போட்ட கட்டளை அது: 'கோ அஸ்டர்ன்', கப்பலின் பின்பக்கமாகப் போ. தண்ணீரிலிருந்து சாலைக்கு ஏறி, லாரிக்கும் காருக்கும் பொதுவாகி, இப்போது நூற்றாண்டுகளாகக் கப்பல் விட்ட ஊரின் சந்துக்குள் வந்து நிற்கிறது.

மதியம் சாப்பாடு முடிந்து தொதல் வந்தது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிக் கிண்டிக் கறுத்துப் பளபளக்கும் பண்டம். மலாய்க்காரர்களின் டோடோல்தான் இங்கே தொதல். காக்கா துபாயில் இருந்த கதைகளைச் சொன்னார். அங்கே பேச்சிலர் என்றால் கல்யாணமாகாதவர் இல்லை. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக அறையில் தங்குகிறவர் எல்லாரும் பேச்சிலர்.

"எனக்கு மூணு பிள்ளை பொறந்ததுக்கு அப்புறமும் நான் பேச்சிலர்தான். கட்டிடத்துல போர்டு வச்சிருப்பான், ஃபேமிலிக்கு மட்டும், பேச்சிலருக்கு இல்லைன்னு."

ஃபேமிலி என்றால் அங்கே பெரும்பாலும் மனைவி. "ஃபேமிலியைக் கூட்டியாந்துட்டேன்" என்று சொல்ல ஒருவருக்கு இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று விசா விதி இருக்கிறது. அந்த வரம்பை எட்டாதவர்கள் வயதான பிறகும் பேச்சிலர்களே. கேன்சல் என்றால் ஊரோடு திரும்புவது. "கேன்சல்ல வந்துட்டேன்" என்று அவர் சொன்னபோது, சினிமா டிக்கெட்டுக்குச் சொல்லும் சொல் மாதிரி இல்லை. இருபது வருடம் ஒரே அடியாக முடிந்ததைச் சொல்லும் சொல்லாக இருந்தது.

தோழியின் உம்மா இதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா மகளைப் பார்த்து, "நீயும் சபர்லயா இருக்கே மகளே?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. சபர் என்றால் அரபியில் பயணம். இந்த ஊரில் சம்பாதிக்கக் கடல்தாண்டிப் போவது சபர், போனவர் சபராளி. உம்மாவின் கணவர் கல்யாணமான நாற்பதாம் நாள் சபர் போனாராம். முப்பத்தோரு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார்.

நான் ஆங்கிலச் சொல்லைத் தேடியே ஐந்து நாளாக அலைகிறேன், அதனால் எனக்கு உடனே அது வந்துவிட்டது. அதே அரபிச் சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் சஃபாரி ஆனது. அங்கேயும் பயணம் என்றே பொருள். ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதற்கு வைத்தார்கள், பிறகு ஜீப்பில் சிங்கம் பார்க்கப் போவதற்கு வைத்தார்கள். அந்த வேட்டைக்காரர்கள் போட்ட சட்டையின் சாயலில் வந்தது சஃபாரி சூட். உம்மாவிடம் இதை மெதுவாகச் சொன்னேன். சிங்கம் வரை பேசாமல் கேட்டார். சூட் என்றதும் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

கையில் ஒரு படத்தோடு வந்தார். சட்டம் போட்டு, ஓரத்தில் கறை படிந்த வண்ணப் படம். பின்னால் ஒரு உயரக் கட்டிடமும் பேரீச்ச மரமும். முன்னால் ஒல்லியாக ஒருவர், நான்கு பை வைத்த வெளிர்நீலச் சஃபாரி, மார்புப் பையில் இரண்டு பேனா.

"மொத சம்பளத்துல தச்சது" என்றார் உம்மா. "போட்டோ எடுக்க மட்டும் போட்டாகளாம். அனுப்பி வச்சாக. அப்பதான் கடுதாசியில எழுதுனாக, இந்தச் சட்டைக்குப் பேரே சபருதான்னு."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, படத்தை அக்கா மகள் கையில் கொடுத்தார்.